பில்லில் பெயர் இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டியில் இருபத்தோரு ஆண்டுகளாகக் கணினி பழுதுநீக்கும் கடை நடத்தி வருகிறேன். பள்ளி, கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் பிள்ளைகளுக்காக அசெம்பிள் செய்த கணினி வாங்கும் பெற்றோர் எங்கள் வட்டாரத்தில் ஏராளம். பிராசசர் எது, ரேம் எத்தனை ஜி.பி., மானிட்டர் எத்தனை அங்குலம் என்று ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். அத்தனைக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற தகரப் பெட்டி பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கடைக்காரரும் தாமாகச் சொல்வதில்லை. பில்லில் கணினியின் வெளிக்கூட்டோடு சேர்த்து ‘கேபினெட் வித் எஸ்.எம்.பி.எஸ்.’ என்ற ஒற்றை வரியோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஒற்றை வரியால் நடுத்தரக் குடும்பங்கள் படும் நஷ்டத்தை வாரம் தவறாமல் பார்த்து வருபவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற மார்ச் மாதம் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி, தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் தன் தந்தையோடு கணினியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். வேறோர் ஊரில் உள்ள கடையில் 31,000 ரூபாய் கொடுத்து அசெம்பிள் செய்து வாங்கிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. முந்தைய இரவு வழக்கம்போல ஷட்டவுன் செய்துவிட்டு, சுவர் சுவிட்சை அணைக்காமல் படுத்திருக்கிறார். காலையில் பட்டனை அழுத்தினால் விசிறிகூடச் சுற்றவில்லை. சோதித்துப் பார்த்ததில் மதர்போர்டு முழுவதுமாகப் போயிருந்தது. யு.எஸ்.பி. துளையில் செருகியபடியே விட்டிருந்த பென் டிரைவும் போய்விட்டது. அந்த வாரம் கல்லூரியில் காட்ட வேண்டிய புராஜெக்ட் அதில்தான் இருந்தது. அணைத்து வைத்த கணினி எப்படிக் கெடும் என்று அந்தத் தந்தை திரும்பத் திரும்பக் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கண்முன்னாலேயே எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றித் திறந்தேன்.

கணினியை நாம் அணைத்தாலும் சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை எஸ்.எம்.பி.எஸ். முழுவதுமாக உறங்குவதில்லை. பட்டனை அழுத்தியதும் விழித்துக்கொள்வதற்காக, ஊதா நிற ஒயர் வழியே 5 வோல்ட் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். தரமான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இந்த வேலையைப் பாதுகாப்பு வசதிகள் கொண்ட ஓர் ஐ.சி. சில்லு கவனித்துக்கொள்கிறது. நான் திறந்த பெட்டியில் இருந்ததோ இரண்டு டிரான்சிஸ்டர்களை வைத்து ஒப்பேற்றிய பழைய காலத்துச் சுற்று. வோல்ட்டேஜ் ஏறிவிடாமல் பிடித்து நிறுத்துவதற்கு அந்தச் சுற்று நம்பியிருப்பது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும், சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரே ஒரு கெபாசிட்டரை. அதையும் சூட்டை வெளியேற்றுவதற்கான ஹீட் சிங்க் என்ற உலோகத் தகட்டை ஒட்டியே வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் வெந்து அது உள்ளுக்குள் காய்ந்துவிட்டது. 5 வோல்ட் வர வேண்டிய ஊதா ஒயரில் என் மீட்டர் 8.3 வோல்ட் காட்டியது. இரவு முழுவதும் அந்த வோல்ட்டேஜ்தான் மதர்போர்டிலும் பென் டிரைவிலும் ஏறியிருக்கிறது.

அந்தப் பெட்டியின் மற்ற இடங்களும் அதே இலட்சணத்தில்தான் இருந்தன. மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில், அதில் கலந்திருக்கும் தேவையற்ற மின் அலைகளை (இரைச்சல் என்போம்) வடிகட்டுவதற்கென்று ஒரு காயிலும் சில கெபாசிட்டர்களும் இருக்க வேண்டும். அவற்றுக்கான இடம் பலகையில் அச்சடிக்கப்பட்டிருந்தது, காயிலின் இடத்தில் மட்டும் இரண்டு துண்டுக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள். வோல்ட்டேஜ் திடீரென்று எகிறும்போது அதைத் தன்மேல் வாங்கிக்கொண்டு பியூஸைப் போக வைக்கும் வேரிஸ்டர் என்ற வட்டமான பொருளின் இடம் காலியாக இருந்தது. ஒயர்களின் மேல் ‘22 ஏ.டபிள்யூ.ஜி.’ என்று அச்சிட்டிருந்தது, நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் முக்கிய ஒயர்கள் 18 என்ற அளவில் இருக்கும். இந்த அளவுமுறையில் எண் கூடக் கூட ஒயர் மெலியும் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒயர், விசிறி எல்லாம் சேர்த்து 640 கிராம். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த லேபிளில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது.

இந்த வாட் கணக்கைத்தான் வாங்குபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். கணினிக்குள் கொடுக்கும் முக்கிய வோல்ட்டேஜ்கள் மூன்று: 12, 5, 3.3. ஒரு காலத்தில் பிராசசருக்கான மின்சாரமே 5 வோல்ட்டிலிருந்துதான் போனது. 2000-ஆம் ஆண்டில் பென்டியம் 4 வந்தபோது, பிராசசருக்கென்று தனியாக 12 வோல்ட் கொடுக்கும் நான்கு முள் கனெக்டரை இன்டெல் நிறுவனம் தன் விதிமுறையில் சேர்த்தது. அதற்குப் பிறகு வந்த கணினிகளில் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, விசிறி, ஹார்ட் டிஸ்கின் மோட்டார் என்று அதிக மின்சாரம் இழுப்பவை எல்லாமே 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஆகவே லேபிளில் உள்ள கட்டத்தில் +12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ, அதை 12-ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் அந்தப் பெட்டியின் உண்மையான பலம்.

மாணவியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 168 வாட். மிச்சத்தை 5 வோல்ட்டுக்கு 28 ஆம்பியர், 3.3 வோல்ட்டுக்கு 22 ஆம்பியர் என்று இன்றைய கணினிக்குத் தேவைப்படாத இடங்களில் எழுதி நிரப்பியிருந்தார்கள். ஊதா ஒயரின் 10 வாட்டையும் சில்லறையையும் சேர்த்து, அவர்களே எழுதிய எண்களைக் கூட்டினால்கூட 400 வாட்டைத் தொடவில்லை. நேர்மையாகத் தயாரித்த 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 12 வோல்ட்டுக்கு நேராக 35 ஆம்பியரோ அதையொட்டியோ இருக்கும். அதாவது 450-இல் ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ட்டிலேயே கொடுக்கும். கடையில் நின்றபடி கைபேசியில் ஒரு பெருக்கல் போட்டால் தெரிந்துவிடும் விஷயம் இது. வேறெதையும் பார்க்க நேரமில்லை என்றாலும் இந்த ஒன்றையாவது பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எவ்வளவு வாட் தேவை என்பதிலும் பலருக்குத் தெளிவில்லை. 600, 700 என்று பெரிய எண்ணாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் வாங்கும் கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. இன்டெல் கோர் ஐ3 12100 பிராசசர் தன் உச்சத்தில் 89 வாட் எடுத்துக்கொள்ளும். மதர்போர்டு, ரேம், டிஸ்க், விசிறி எல்லாவற்றையும் சேர்த்தாலும் இப்படிப்பட்ட கணினி முழு வேலை செய்யும்போது 130 வாட்டைத் தாண்டுவது அரிது. வெறுமனே ஓடும்போது 30, 40 வாட் போதும். பன்னாட்டு நிறுவனங்கள் வங்கிகளுக்கும் அலுவலகங்களுக்கும் விற்கும் மேசைக் கணினிகளைத் திறந்து பாருங்கள்: உள்ளே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 180 வாட், 240 வாட் என்றுதான் எழுதியிருக்கும். அவை ஏழெட்டு ஆண்டுகள் உழைத்துவிட்டு, அப்புறம் செகண்ட் ஹாண்டில் கைமாறி மறுபடியும் உழைப்பதை நான் தினமும் பார்க்கிறேன். உண்மையான 240 வாட், பொய்யான 600 வாட்டைவிட எவ்வளவோ மேல். கையில் பணமே இல்லை என்பவர்களுக்கு அசெம்பிள் செய்ததைவிட இத்தகைய பழைய அலுவலகக் கணினியை முழுதாக வாங்கிக்கொள்ளும்படிதான் சொல்கிறேன். அதன் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் கழற்றி வேறு மதர்போர்டில் மாட்ட நினைக்கக் கூடாது. பலவற்றில் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும்.

புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் 400 அல்லது 450 வாட்டில், பெயருள்ள தயாரிப்பாக ஒன்றை 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் வாங்க முடிகிறது. கேபினெட்டோடு சேர்ந்து வரும் பெயரில்லாத பெட்டியைக் கடைக்காரர் 600, 700 ரூபாய்க்குள் கணக்கு வைக்கிறார். 31,000 ரூபாய் கணினியில் மிச்சப்படுத்தியது ஏறக்குறைய 2,000 ரூபாய். அந்த மாணவியின் தந்தை மதர்போர்டுக்கு மட்டும் மறுபடியும் கொடுத்தது 6,400 ரூபாய்.

‘80 பிளஸ்’ முத்திரையைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 2004-இல் அமெரிக்காவில் தொடங்கிய திட்டம் அது. இப்போது கிளியர்ரிசல்ட் என்ற நிறுவனம் நடத்துகிறது. சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தையாவது கணினிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும், அதையும் 20, 50, 100 சதவீதச் சுமைகளில் காட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. மின்கட்டணம் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். 100 வாட் வேலைக்கு மட்டமான பெட்டி 145, 150 வாட் இழுத்தால் நல்லது 118 வாட்டில் முடித்துக்கொள்ளும். நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் நான்கு நாளைக்கு ஒரு யூனிட் மிச்சம். ஆனால் இந்த முத்திரையை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. முழுச் சுமையையும் ஏற்றிச் சோதிப்பதால், 168 வாட் பெட்டிக்கு 450 என்று லேபிள் ஒட்டி அந்தச் சோதனையைத் தாண்ட முடியாது. அதே சமயம் அது சிக்கனத்துக்கான முத்திரையே தவிர, ஷார்ட் சர்க்யூட் ஆனால் நிற்குமா, வோல்ட்டேஜ் ஏறினால் அணையுமா என்பதையெல்லாம் உறுதிசெய்யும் பாதுகாப்புச் சான்று அல்ல. ‘85 பிளஸ்’ என்றும், வெறும் ‘80 சதவீதம்’ என்றும் அதே வடிவத்தில் முத்திரை அடித்து வரும் பெட்டிகளையும் சந்தையில் பார்க்கிறேன். 80 பிளஸ் பெற்ற மாடல்களின் பட்டியல் அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் இருக்கிறது. சைப்ரஸ் நாட்டைச் சேர்ந்த சைபெனெட்டிக்ஸ் என்ற அமைப்பும் எஸ்.எம்.பி.எஸ்.களைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறது. வாங்கப்போகும் மாடலின் பெயரை இவற்றில் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கோடையில் ஓட்டு வீட்டுக்குள், மேசை அறையில் அடைத்து வைத்த கேபினெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். எஸ்.எம்.பி.எஸ். கெபாசிட்டர்களில் 85 டிகிரி, 105 டிகிரி என்று இரண்டு வகை உண்டு. சூடு பத்து டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் அடிப்படைக் கணக்கு. முழு வாட்டையும் 40 டிகிரியில் அல்லது 50 டிகிரியில் தொடர்ந்து தருவோம் என்று நல்ல தயாரிப்பாளர்கள் விவரக் குறிப்பில் எழுதுகிறார்கள். 25 டிகிரி என்று எழுதியிருந்தாலோ, எதுவுமே எழுதாமல் இருந்தாலோ, நம் ஊர் மே மாதத்துக்கு அது ஆகாது.

அடுத்தது எர்த். இதைப் பற்றி நிலவும் தவறான எண்ணம் உயிருக்கே ஆபத்தானது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நல்ல எஸ்.எம்.பி.எஸ். மாற்றிய பிறகு ‘கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது, பழசில் அப்படி இல்லை’ என்று சொல்லிச் சிலர் திரும்பி வருவார்கள். எஸ்.எம்.பி.எஸ். கெட்டது என்று அவர்களாகவே முடிவு செய்திருப்பார்கள். நடப்பது என்னவென்றால், நான் முன்பு சொன்ன வடிகட்டும் பகுதியில் இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் மின்சாரம் வரும் பேஸ் ஒயரையும் அது திரும்பும் நியூட்ரல் ஒயரையும் தகரப் பெட்டியோடு இணைத்திருக்கும். வடிகட்டிய இரைச்சல் எர்த் ஒயர் வழியே மண்ணுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. வீட்டில் எர்த் இல்லாதபோது போக வழியின்றி அந்தப் பெட்டி 230 வோல்ட்டில் பாதியான 115 வோல்ட் அளவில் தொங்கிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வரும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. அதனால் சுருக்கென்பதோடு நின்றுவிடுகிறது. அதாவது ஷாக் அடிக்கும் எஸ்.எம்.பி.எஸ். உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்பதைத்தான் சொல்கிறது. வடிகட்டும் பகுதியையே வைக்காமல் கம்பியை வளைத்து விட்ட மட்டமான பெட்டி ஷாக் அடிக்காது; அதை நல்லது என்று நம்பி மக்கள் மறுபடியும் அதையே மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னும் சிலர் பிளக்கின் பெரிய முள்ளையே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த வீட்டில், எஸ்.எம்.பி.எஸ். உள்ளே ஒரு ஒயர் உரசியோ ஒரு பல்லி விழுந்தோ பேஸ் தகரத்தைத் தொட்டுவிட்டால், அந்தக் கேபினெட் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும், பியூஸும் போகாது. பல்லி விழுவது எங்கள் ஊரில் அபூர்வமான சம்பவம் அல்ல. விசிறி வலைக்குள் புகுந்து கருகிக் கிடந்த பல்லிகளை நானே பலமுறை எடுத்திருக்கிறேன். எனவே புதுக் கணினி வாங்கும் முன்பு எலெக்ட்ரீஷியனை அழைத்து, அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுவரில் மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருப்பதாக எண்ண வேண்டாம். பழைய வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருப்பதில்லை.

வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில் இருப்பவர்கள் ‘ஆக்டிவ் பி.எஃப்.சி.’ (சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) என்று குறிப்பிட்டிருக்கும் எஸ்.எம்.பி.எஸ். வாங்குவது நல்லது. லேபிளில் இன்புட் 100–240 வோல்ட் என்று போட்டிருந்து, பின்பக்கம் சிவப்பு சுவிட்ச் எதுவும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். மாலையில் 170 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அது தாக்குப்பிடிக்கும். சிவப்பு சுவிட்ச் வைத்த பழைய வகையில் 115, 230 என்று இரண்டு நிலைகள் உண்டு. குழந்தைகள் விளையாட்டாக அதை 115-க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் பட்டாசு போல வெடிக்கும். நம் ஊரில் ஒருபோதும் தேவைப்படாத சுவிட்ச் அது. அப்படிப்பட்ட பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் சுவிட்சை 230-இல் வைத்து மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண நேரத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆவதாகச் சொல்லி இன்வெர்ட்டரை மாற்றுபவர்கள் உண்டு. மின்சாரம் நின்ற பிறகும் 16 மில்லி விநாடி வரை எஸ்.எம்.பி.எஸ். தன் சேமிப்பிலிருந்து கணினியைத் தாங்க வேண்டும் என்பது விதிமுறை. மட்டமான பெட்டியில் சேமித்து வைக்கும் பெரிய கெபாசிட்டர்களையே சிறியதாகப் போட்டிருப்பார்கள். அதற்குத் தாங்கும் சக்தி இருக்காது. இன்வெர்ட்டரில் ‘யு.பி.எஸ். மோட்’ என்ற சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுப் பார்த்த பிறகும் கணினி அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆக்டிவ் பி.எஃப்.சி. வகையை மலிவான யு.பி.எஸ்.ஸோடு இணைப்பவர்கள், சில யு.பி.எஸ்.களின் படிக்கட்டு போன்ற மின் அலையோடு அது ஒத்துப்போகாமல் அணைந்துவிடுவதும் உண்டு என்பதால், பில் போடும் முன்பு இரண்டையும் சேர்த்து ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

விளையாட்டுக்காகப் பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும். அதற்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று என்விடியா நிறுவனமே சொல்கிறது. அதற்கான எட்டு முள் கனெக்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேயே இருக்க வேண்டும். இல்லையென்று நூறு ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கி, ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா ஒயரிலிருந்து இழுத்து மாட்டுகிறார்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் முட்கள் மூன்றும் சேர்ந்து தாங்குவது 54 வாட்தான். கார்டு கேட்பது அதைவிட மிக அதிகம். வெள்ளை பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறி முள்ளோடு ஒட்டிக்கொண்ட கன்வெர்ட்டர்களை ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். கன்வெர்ட்டர் தேவைப்படுகிறது என்றாலே அந்தக் கார்டுக்கு அந்த எஸ்.எம்.பி.எஸ். போதாது என்று பொருள்.

கடையில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, ‘பாருங்கள், விசிறி சுற்றுகிறது, எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது’ என்று காட்டுவார்கள். அது உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்தச் சோதனை சாட்சி. கணினி முழு வேலையில் இருக்கும்போது 12 வோல்ட் வரும் மஞ்சள் ஒயரில் மீட்டர் வைத்து, 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்தால்தான் ஏதாவது தெரியும். வாசகர்கள் இதைத் தாமாகச் செய்ய வேண்டாம், எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

என் தொழிலைச் சேர்ந்த கடைக்காரர்களுக்கும் இதன் வழியே ஒரு வேண்டுகோள். பக்கத்துக் கடையைவிட 500 ரூபாய் குறைத்துச் சொன்னால்தான் வியாபாரம் நடக்கிறது என்பதும், வாடிக்கையாளர் விலையைக் கேட்பதெல்லாம் பிராசசரை வைத்துத்தான் என்பதும் எனக்குத் தெரியாதது அல்ல. நானும் தொடக்க ஆண்டுகளில் கேபினெட்டோடு வந்த பெட்டியையே மாட்டிக் கொடுத்தேன். 2009-இல் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரின் வீட்டில் அப்படிப்பட்ட ஒன்று, ஹார்ட் டிஸ்கையும் அதிலிருந்த அவர் மகளின் திருமணப் படங்களையும் சேர்த்துக் கொண்டுபோன பிறகு நிறுத்திக்கொண்டேன். அந்தப் படங்களை என்னால் மீட்டுக் கொடுக்க முடியவில்லை. ஆகவே மற்றவர்களைக் குறை கூறும் எண்ணத்தில் இதை எழுதவில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: பில்லில் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் தனி வரி போட்டு, தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், வாரண்டிக் காலம் மூன்றையும் எழுதுங்கள். மாணவியின் தந்தை கொண்டுவந்த பில்லில் பிராசசருக்கு மூன்று ஆண்டு, மதர்போர்டுக்கு மூன்று ஆண்டு என்று இருந்தது, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு எதுவும் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். எகிறிப் போன போர்டு என்று தெரிந்ததும் மதர்போர்டின் வாரண்டியும் அவருக்குக் கிடைக்கவில்லை. மலிவு விலையிலேயே மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு வாரண்டியை நேரடியாகத் தயாரிப்பாளரே தரும் எஸ்.எம்.பி.எஸ்.கள் கிடைக்கின்றன.

வாங்குபவர்களிடம் சட்டமும் சில கருவிகளைக் கொடுத்திருக்கிறது. மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற்ற தயாரிப்புகளின் லேபிளில் ‘ஐ.எஸ்.’ என்று தொடங்கும் தர எண்ணும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். அந்த அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யாருடைய பதிவு, எந்தப் பொருளுக்கானது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று உடனே தெரியும். அந்தப் பதிவு எண் உள்ளதையே நான் வாங்கி விற்கிறேன். பவர் கேபிளையும் இதே கண்ணோடு பாருங்கள், நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கிவிட்டு நூல் போன்ற கேபிளைச் செருகினால் பிளக் முனையில் சூடேறும். பெட்டியில் அடைத்து விற்கும் எந்தப் பொருளிலும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011 சொல்வது. இவை எதுவும் இல்லாத பெட்டியை நீட்டினால் மறுத்துவிடலாம். ஏமாற்றப்பட்டதாகக் கருதினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். அதற்கும் கையில் முறையான பில் வேண்டும்.

மாணவியின் கணினிக்கு 12 வோல்ட்டில் 32 ஆம்பியர் தரும் 400 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். பில்லில் அதன் பெயரும் மாடல் எண்ணும் ஐந்து ஆண்டு வாரண்டியும் எழுதியிருக்கிறது. கழற்றிய பழைய பெட்டி மூடி திறந்தபடியே என் கடை மேசையில் இருக்கிறது. காயிலுக்குப் பதிலாகப் போட்ட கம்பிகளும் காய்ந்துபோன அந்தக் கெபாசிட்டரும் வெறும் கண்ணாலேயே தெரியும். கணினி வாங்கப்போகும் பெற்றோரும் மாணவர்களும் எந்த நாளிலும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். வாங்குவது வேறு கடையில் என்றாலும் சரி.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்கும் கடைக்காரர் ஒருவர்,
கோவில்பட்டி.